நாலு கைக்கு ஒரு வாட்ச்

“நான் மாடிப்படி ஏறினது, இறங்கினது, மறுபடி ஏறினது எல்லாம் இவன் கணக்குல போயிருக்கு” என்றார் மாமியார்.

“நீ ஏறும்போது வாட்ச் என் கையிலதாம்மா இருந்துது” என்றான் மகன்.

“அதைத்தான்டா நானும் சொல்றேன்.”

மருமகள் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அலுவலகத்திலிருந்து திரும்பி, வாசலில் ஒரு காலும் வீட்டுக்குள் ஒரு காலுமாக நின்றவளிடம் நாத்தனார் ஓடி வந்து வாட்ச்சை நீட்டினாள். திரையில் 14,210 என்று இருந்தது.

“அண்ணி, இதுல ஏழாயிரம் அடி நான் நடந்தது. அண்ணன் ஆறாயிரம்ங்கிறான். அம்மா அஞ்சாயிரம்ங்கிறாங்க. நீங்க காலையில எவ்வளவு நடந்தீங்க?”

“மூவாயிரம் இருக்கும்.”

“கூட்டிப் பாருங்க.”

கூட்டிப் பார்த்தாள். இருபத்தோராயிரம் வந்தது. வாட்ச் எண்ணாத கிட்டத்தட்ட ஏழாயிரம் அடிகளை அந்தக் குடும்பம் மனதாலேயே நடந்து முடித்திருந்தது.

அவளைக் கர்னல்காரி என்றுதான் அலுவலகத்திலும் வீட்டிலும் சொல்வார்கள். கணினிக்குள் எந்தப் புரோகிராம் எப்போது ஓட வேண்டும், எவ்வளவு நேரம் ஓட வேண்டும், எப்போது எழுந்து அடுத்தவனுக்கு இடம் விட வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிக்கிற அடிமட்டப் புரோகிராமுக்குக் கர்னல் என்று பெயர். அதை எழுதுகிறவர்களில் அவளும் ஒருத்தி. மாமியார் இதை அக்கம்பக்கத்தில் சொல்லும்போது, “எங்க மருமக சொன்னாத்தான் கம்ப்யூட்டரே எந்திரிக்கும், உக்காரும்” என்பார். அதில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை.

வாட்ச் வந்தது போன வாரம். ஊழியர்கள் எல்லோருக்கும் உடல்நலப் பரிசு தரப்போவதாக அலுவலகத்தில் அறிவித்த மூன்றாம் நாள் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. அந்த நேரம் மற்றவர்கள் கடைக்குப் போயிருந்ததால் மாமனார்தான் கட்டிலில் இருந்தபடியே ஜன்னல் வழியாகக் கையெழுத்துப் போட்டு வாங்கி, தானே பிரித்தும் வைத்திருந்தார். “உங்க ஆபீஸ்லேர்ந்துதான் வந்திருக்கும்மா, நடக்கிறதை எண்ணுமாம்” என்று அவளிடம் கொடுத்துவிட்டு, “நீ மட்டும் போட்டுக்கிட்டா எப்படி, எல்லாரும் மாத்தி மாத்திப் போட்டுக்கங்க. யார் குறைவா நடக்கிறாங்களோ அவங்க மறுநாள் பாத்திரம் கழுவணும்” என்று போட்டியையும் அவரே அறிவித்தார்.

போட்டியில் அவருக்கு மட்டும் விலக்கு. முப்பத்தைந்து வருஷம் வீடு வீடாகத் தபால் கொடுத்த மனிதர். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறி விழுந்ததில் கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. கட்டுப் பிரித்து மூன்று வாரம் ஆகிறது. இனி நடந்தால்தான் சரியாகும் என்று பிசியோதெரபிஸ்ட் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மாமனாரோ, ஒரு மனுஷன் ஆயுசுக்கு நடக்க வேண்டியதையெல்லாம் தான் நடந்து முடித்தாகிவிட்டது என்று சொல்லி, சாப்பாட்டைக்கூடக் கட்டிலுக்கே வரவழைத்துக்கொண்டிருந்தார்.

“சரி, சண்டை போடாதீங்க” என்றாள் கர்னல்காரி. “ஆபீஸ்ல என் வேலையே இதுதான்.”

உண்மையில் அதுதான் அவள் வேலை. கணினியின் மூளையான பிராசஸருக்குள் சில கவுன்ட்டர்கள் உண்டு. எத்தனை கட்டளைகள் ஓடின, எத்தனை முறை எதற்காகக் காத்திருந்தது என்று அவை எண்ணிக்கொண்டே இருக்கும். ஆனால் ஓடுவது யார் என்று அவற்றுக்குத் தெரியாது. புரோகிராம்கள் ஒரு விநாடிக்குள் நூற்றுக்கணக்கான முறை இடம் மாறி மாறி ஓடுகின்றன. கவுன்ட்டரோ எவன் ஏறினான் எவன் இறங்கினான் என்று பார்க்காமல் ஒரே மொத்தமாக ஏற்றிக்கொண்டே போகும். ஒவ்வொரு புரோகிராமும் தனக்கென்று சொந்தமாக ஒரு கவுன்ட்டர் இருப்பதாக நம்பும்படி செய்ய வேண்டும். பதினோரு மாதமாக அவள் அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் குழுவின் தலைவர் பரிசோதிக்கப் போகிறார். அவருக்குத் திருப்தியானால் அவள் எழுதியது புதிய வெளியீட்டில் சேரும். இல்லையென்றால் பதினோரு மாத உழைப்பு குப்பைக்கூடைக்கும், அவள் பயனர் கையேடு எழுதும் பிரிவுக்கும் போக வேண்டியதுதான். கையேட்டுப் பிரிவில் ஜன்னல் கிடையாது. அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்ததாகவும் தகவல் இல்லை.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். எல்லாப் புரோகிராம்களின் எண்ணிக்கையையும் கூட்டினால் கவுன்ட்டர் காட்டும் மொத்தம் வர வேண்டும். வரவில்லை. நூற்றுக்கு இரண்டு எங்கேயோ மாயமாகிக்கொண்டிருந்தது.

“ஒரு நோட்டு போடுவோம்” என்றாள். “வாட்ச்சைக் கட்டும்போது என்ன நம்பர் இருந்ததுன்னு ஞாபகம் வச்சுக்கங்க. கழட்டும்போது என்ன இருக்குன்னு பாருங்க. கழிச்சு, வந்ததை மட்டும் உங்க பேருக்குக் கீழே எழுதுங்க. அவ்வளவுதான். கழட்டினதும் பாத்ரூம் வாசல்ல வாஷிங் மெஷின் மேல வச்சிடுங்க, அடுத்த ஆள் எடுத்துக்கட்டும்.”

“எழுத வேற செய்யணுமா?” என்றார் மாமியார்.

“இல்லன்னா பாத்திரம் கழுவலாம் அத்தை.”

மாமியார் பேனாவைத் தேடப் போனார்.

செவ்வாய்க்கிழமை மாலை நோட்டைக் கூட்டினார்கள். 14,888. வாட்ச்சில் 15,300. நானூற்றுப் பன்னிரண்டு அடிகளைக் காணவில்லை.

“அந்த நானூத்திப் பன்னெண்டு என்னோடது” என்றான் கணவன். அவன் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவன். நாற்காலியை விட்டு எழுவதே அபூர்வம். முந்நூறு அடி வித்தியாசத்தில் அன்று கடைசி இடத்தில் இருந்தான்.

“எப்படிங்க உங்களோடது?”

“வேற யாரும் கேக்கலையே.”

“அம்மா கழித்தல்ல கடன் வாங்க மறந்திருப்பாங்க” என்றாள் நாத்தனார்.

“ஏன்டி, எனக்குக் கழித்தல் தெரியாதுன்னு சொல்றியா? உங்க ரெண்டு பேருக்கும் வீட்டுப்பாடம் போட்டுக்குடுத்தது யாரு?”

கட்டிலிலிருந்து மாமனார் குரல் கொடுத்தார். “சில்லறைச் சண்டையை விடுங்கப்பா. மொத்தம் எவ்வளவு?”

“பதினஞ்சாயிரத்து முந்நூறு மாமா.”

“பேஷ். மொத்தம் நல்லா இருக்குல்ல, அது போதும்.” திருப்தியோடு தலையணையைச் சரிசெய்துகொண்டார். குடும்பத்தின் ஆரோக்கியத்தில் அவருக்கு இப்படி ஓர் அக்கறை வந்தது கர்னல்காரிக்கு நெகிழ்ச்சியாகவே இருந்தது.

அவளுக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டில் காணாமல் போகிறதும் அலுவலகத்தில் காணாமல் போகிறதும் ஏறக்குறைய ஒரே விகிதம். ஆட்கள் மாறுகிற நேரத்தில்தான் ஏதோ சிந்துகிறது என்று யோசித்தாள். அப்படியானால் அடிக்கடி மாற்றாமல் இருந்தால் போயிற்று.

புதன்கிழமை புது விதி வந்தது. ஒவ்வொருவரும் நாளுக்கு ஒரே ஒரு மணி நேரம் வாட்ச்சைக் கட்ட வேண்டும். அதில் வந்த எண்ணைப் பன்னிரண்டால் பெருக்கினால் பன்னிரண்டு மணி நேரக் கணக்கு வந்துவிடும். அலுவலகத்திலும் அதே முறையை எழுதி ஓடவிட்டாள். ஒவ்வொரு புரோகிராமையும் கொஞ்ச நேரம் மட்டும் எண்ணுவது, பிறகு பெருக்கிக்கொள்வது. காகிதத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது கணவன் தரையில் மல்லாந்து கிடந்தான்.

“என்னங்க ஆச்சு?”

“என் ஒரு மணி நேரம் முடிஞ்சுது.”

மேஜையைச் சுற்றிச் சுற்றி ஒரு மணி நேரத்தில் ஆறாயிரத்து ஐந்நூறு அடி ஓடியிருந்தான். மீதி பதினோரு மணி நேரமும் இப்படியே கிடந்திருக்கிறான். நாத்தனார் ஏழாயிரம். மாமியார் சமையலை நிறுத்தி வைத்துவிட்டு மாடிப்படியில் ஏறி இறங்கி ஐயாயிரத்து நூறு. அலுவலகம் போய் வந்த கர்னல்காரிக்கு ரெண்டாயிரம். பன்னிரண்டால் பெருக்கியதில் அந்த நாலு பேரும் ஒரே நாளில் இரண்டரை லட்சம் அடிக்குப் பக்கத்தில் நடந்திருந்தார்கள்.

“பாத்திரம் உங்களுக்குத்தான் அண்ணி” என்றாள் நாத்தனார், இரக்கமே இல்லாமல்.

“வாட்ச்ல மொத்தம் எவ்வளவும்மா காட்டுது?” என்றார் மாமனார்.

“இருபத்தோராயிரம் மாமா.”

“அடேயப்பா” என்று எழுந்து உட்கார்ந்தார். கட்டிலில்தான்.

அன்று பகலில் அலுவலகத்தில் நிலைமை இன்னும் மோசம். தலைவர் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். அதிர்ந்து பேசாத மனிதர். அவர் அமைதியாகப் பேசினாலே எதிரில் இருப்பவர் எழுந்து நின்றுவிடுவார்.

“இந்தப் புரோகிராம் மட்டும் மொத்த மெஷினும் செஞ்சதை விட அதிகமா வேலை செஞ்சிருக்கு போலிருக்கே.”

“சார், அதைச் சரிபண்ணிட்டிருக்கேன்.”

“பண்ணுங்க. கையேட்டுப் பிரிவுல ஒரு நாற்காலி காலியா இருக்குன்னு நேத்துக்கூடக் கேட்டாங்க” என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

வியாழக்கிழமை அவள் பிடித்தது கடைசிக் கொம்பு. அந்த வாட்ச் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஒரு முறை கையில் அதிரும். அது அதிரும்போது யார் கையில் இருக்கிறதோ, அவருக்கு முழுசாக ஆயிரம். கழித்தலும் வேண்டாம், பெருக்கலும் வேண்டாம். அலுவலகத்திலும் கவுன்ட்டர் ஒரு வட்டம் முடிந்து மணியடிக்கும்போது யார் ஓடிக்கொண்டிருக்கிறார்களோ அவர் தலையில் எழுதிவிடலாம்.

இந்த விதியில் இருக்கிற ஓட்டையை நாத்தனார் கால் மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். சோபாவில் படுத்துப் புத்தகம் படிப்பாள். வாட்ச் கட்டிக்கொண்டு வீடு முழுக்க நடக்கிற அம்மாவின் கையை ஓரக்கண்ணால் கவனித்தபடியே இருப்பாள். தொள்ளாயிரத்து எண்பது ஆனதும் எழுந்து வந்து, “அம்மா, என் முறை” என்பாள். இருபது அடி நடப்பாள். கையில் அதிரும். ஆயிரம் அவளுக்கு. வாட்ச்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படுத்துவிடுவாள்.

நாலாவது முறை இது நடந்தபோது மாமியாருக்குப் பொறுக்கவில்லை. வாட்ச்சைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“நடக்கிறது நானு, பேர் வாங்கறது அவளா? இனிமே ஒரு அடி நடக்க மாட்டேன். இந்த விதி போட்டவகிட்டயும் பேச மாட்டேன்.”

மாமியார் உட்கார்ந்ததும் வீடே உட்கார்ந்துவிட்டது. கணவனுக்கு முந்தைய நாள் ஓடிய கால்வலி. தானாக நடக்கிற பழக்கம் நாத்தனாருக்குப் போயே போய்விட்டது. மாலையில் வாட்ச் எட்டாயிரத்தைக்கூடத் தொடவில்லை.

இதில் அதிகம் வருத்தப்பட்டவர் மாமனார்தான். “என்னம்மா, இவ்வளவு நாள் நல்லாப் போயிட்டிருந்ததை இப்படிப் பண்ணிட்டே? நாளைக்கு வெள்ளிக்கிழமை வேற.”

“வெள்ளிக்கிழமைக்கு என்ன மாமா?”

அவர் ஒரு கணம் விழித்தார். “உனக்கு ஆபீஸ்ல பரீட்சைன்னியே, அதைச் சொன்னேன்.”

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. பரீட்சையை நினைத்தாலே வந்தது. மணியடிக்கும் முறையை நம்பி அன்று ஓடவிட்ட சோதனையில், கடிகார முள்ளை நகர்த்துவதைத் தவிர வேறு வேலையே தெரியாத ஒரு குட்டிப் புரோகிராம் பாவம், மணியடிக்கிற நேரமாகப் பார்த்து அங்கே நின்றுவிட்டு மொத்தப் பழியையும் சுமந்திருந்தது. மறுபடியும் பழைய நோட்டு முறைக்கே திரும்ப வேண்டியதுதான். நூற்றுக்கு இரண்டு குறையும். தலைவர் சிரிக்காமல் தலையாட்டுவார். பிறகு ஜன்னல் இல்லாத அறை.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு அவள்தான் வாட்ச்சை முதலில் கட்டினாள். வீட்டுக்கு வெளியே கொஞ்சம், உள்ளே கொஞ்சம் நடந்தாள். குளிக்கப் போகும் முன் கழற்றி, நோட்டில் 1,204 என்று எழுதி, வாட்ச்சை வழக்கம்போல வாஷிங் மெஷின் மேல் வைத்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

குளித்துவிட்டு வந்தபோது மாமியார் வெளியே துண்டோடு நின்றிருந்தார். வாட்ச் வைத்த இடத்திலேயே இருந்தது. 1,611 என்று காட்டியது.

“அத்தை, இதை யாராவது எடுத்துக் கட்டினாங்களா?”

“நான் உன்கிட்ட பேசறதில்ல.”

“பேச வேணாம், தலையை மட்டும் ஆட்டுங்க. யாராவது தொட்டாங்களா?”

மாமியார் இல்லை என்று தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே வாட்ச்சைப் பார்த்தவர், பேசுவதில்லை என்ற விரதத்தை அந்த இடத்திலேயே மறந்தார். “ஏய், இங்க பாரு.”

மெஷின் துணியைப் பிழிகிற கட்டத்துக்கு வந்து கடகடவென்று அதிர்ந்தது. அதன் மேலிருந்த வாட்ச்சும் கூடவே குலுங்கியது. 1,612. 1,613. 1,614. யார் கையிலும் இல்லாத வாட்ச் நிதானமாக நடைப்பயிற்சி செய்துகொண்டிருந்தது.

“யாருமே கட்டலை, அதுபாட்டுக்கு நடக்குது” என்றார் மாமியார்.

கர்னல்காரி ஈரத் தலையோடு அப்படியே நின்றாள். யாருமே கட்டாத நேரம். ஒருவர் கழற்றியதும் அவர் கணக்கு முடிந்துவிடுகிறது. அடுத்தவர் கட்டும்போதுதான் அவர் கணக்கு தொடங்குகிறது. நடுவில் ஓடியது யார் பேரிலும் இல்லை. நோட்டில் நாலு பேருக்கு இடம் இருக்கிறது, யாருமில்லாத நேரத்துக்கு இடம் இல்லை.

கணினியிலும் அதேதான். எந்தப் புரோகிராமுக்கும் வேலை இல்லாத நேரத்தில் இயந்திரம் செத்துப்போய்விடுவதில்லை. சும்மா இருப்பதற்கென்றே கர்னல் தனக்குள் ஒரு சின்னப் புரோகிராமை வைத்திருக்கிறது. வேறு ஆள் இல்லாதபோது அது ஓடும். அது ஓடும்போதும் கவுன்ட்டர் எண்ணும். சும்மா இருக்கிறவனுக்கு என்ன கணக்கு வேண்டியிருக்கிறது என்று பதினோரு மாதத்துக்கு முன்பு அவளேதான் அவனைப் பட்டியலிலிருந்து விலக்கியிருந்தாள்.

“அத்தை, உங்க கழித்தல் நூத்துக்கு நூறு சரி” என்றாள்.

“அதைத்தான் நாலு நாளா தொண்டை கிழியக் கத்தறேன்” என்றார் மாமியார். மருமகளின் ஈரத் தலையில் தன் துண்டைப் போட்டுத் துவட்டியும் விட்டார். நோட்டில் ஐந்தாவதாக ஒரு பத்தி போட்டு, மேலே ‘சும்மா’ என்று எழுதிவிட்டு அவள் ஓடினாள்.

அலுவலகத்தில் எட்டே எட்டு வரிகள்தான் சேர்க்க வேண்டியிருந்தது. அவசரத்தில் அதை மூன்று தரம் தட்டச்சு செய்தாள்.

பதினோரு மணிக்குத் தலைவர் வந்தார். கூடவே பத்துப் பன்னிரண்டு பேர் வந்து சுவரோரமாக நின்றுகொண்டார்கள். அவள் தோற்பதைப் பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள், டீ இடைவேளையை நீட்டிக்க வந்தவர்களும் இருந்தார்கள். நாலு புரோகிராம்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டாள். நாலும் ஒன்றையொன்று முண்டியடித்துக்கொண்டு லட்சம் முறை இடம் மாறின. ஐந்து நிமிஷம் கழித்து நிறுத்தினாள்.

திரையில் ஐந்து வரிசைகள் வந்தன. ஐந்தாவதன் பெயர் ‘சும்மா’.

தலைவர் தானே கால்குலேட்டரை எடுத்துக் கூட்டினார். வந்தது ஒரு பன்னிரண்டு இலக்க எண். அதைக் கவுன்ட்டர் காட்டிய மொத்தத்தோடு விரல் வைத்து ஒவ்வோர் இலக்கமாகப் பார்த்தார். கடைசி இலக்கம் வரைக்கும் விரல் எங்கும் நிற்கவில்லை.

“இன்னொரு தடவை ஓட்டுங்க.”

ஓட்டினாள். பொருந்தியது. புரோகிராம்களை நாற்பதாக்கச் சொன்னார். நாற்பதும் பொருந்தியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்றைக் கொல்லச் சொன்னார். கொன்றாள். இறந்தவன் கணக்கும் சுத்தமாக இருந்தது. சுவரோரம் நின்றவர்களில் யாரோ கை தட்ட, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். தோற்பதைப் பார்க்க வந்தவர்கள்தான் பலமாகத் தட்டினார்கள். கர்னல்காரிக்கு நெஞ்சு விம்மிப் பெருத்து, நிற்கிற இடமே போதாதது போல் இருந்தது. பதினோரு மாதத்தில் அவள் இப்படி நிமிர்ந்து நின்றதே இல்லை.

கைதட்டல் அடங்கியதும் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சரியா இருக்கு. இவ்வளவு சரியா நான் பார்த்ததில்ல. ஆனா ஒரு கேள்வி. இது எதுக்கு?”

“சார்?”

“பத்து வருஷமா மொத்தத்தை மட்டும் பார்த்துத்தானே ஓட்டிட்டிருக்கோம். யாரும் புகார் சொன்னதில்ல. கர்னல்ல ஒரு வரி கூடினாலும் காலத்துக்கும் நாமதான் அதைக் கட்டி மேய்க்கணும். மொத்தத்தை மட்டும் பார்த்துட்டு, அத்தனையும் ஒரே ஆள் செஞ்சதுன்னு நம்பி ஏமாந்த ஒருத்தர், நிஜமான மனுஷன், ஒரே ஒருத்தரைக் காட்டுங்க. சேர்த்துடறேன்.”

“எப்போ சார்?”

“ஆறு மணிக்கு வெளியீட்டுப் பட்டியலை மூடறேன்.”

மத்தியானம் முழுக்க அவள் தொலைபேசியை விட்டு நகரவில்லை. அவர்களுடைய கணினிகளை வாங்கியவர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்டாள். மொத்தத்தைப் பார்த்து ஏமாந்திருக்கிறீர்களா என்று கேட்டால் எந்த மனிதன் ஆமாம் என்பான்? ஒருவர் கோபித்துக்கொண்டார். இன்னொருவர், தான் மொத்தத்தைக்கூடப் பார்ப்பதில்லை என்றார். நாலரை மணிக்கு நிர்வாகப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்து, “மேடம், உங்க உடல்நலப் பரிசு” என்று ஒரு தண்ணீர் பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். இந்த வருஷம் ரெண்டு பரிசு போலிருக்கிறது என்று நினைத்தபடி அதைப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த எண்ணை அழுத்தினாள்.

ஐந்தரைக்கு வீட்டு வாசலில் அவள் இறங்கியபோது கையில் பட்டியல் தீர்ந்திருந்தது. கூப்பிடுவதற்கு இனி ஆள் பாக்கியில்லை. பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கிவிட்டுப் பள்ளிக்கூடத்தையே இழுத்து மூடிவிட்டார்கள் என்றால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. செய்தது சரி, ஒரு குறை சொல்ல முடியாத அளவுக்குச் சரி. அதுதான் இன்னும் வலித்தது.

கூடத்தில் குடும்பமே கூடியிருந்தது. மாமனாருடைய பிசியோதெரபிஸ்ட் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வருகிறவர், எப்போதும் கடுகடுவென்று இருப்பவர். இன்று அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. மடியில் ஒரு ஷூ பெட்டி இருந்தது. கட்டிலில் மாமனார் போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்துக் கிடந்தார்.

“வந்துட்டியாம்மா” என்றார் மாமனார், ரொம்பச் சின்னக் குரலில். “இவருக்கு ஏதோ அவசரமாம். அனுப்பிவை.”

“எனக்கு ஒரு அவசரமும் இல்ல” என்றார் பிசியோதெரபிஸ்ட். “மேடம் வரட்டும்னுதான் காத்துட்டிருந்தேன். உங்க எல்லாருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டிய விஷயம்.”

அவள் வாயைத் திறப்பதற்குள் கைப்பைக்குள் தொலைபேசி அடித்தது. தலைவர்.

“மணி அஞ்சு நாப்பது. ஆள் கிடைச்சாரா?”

“இன்னும் இல்ல சார். அஞ்சு நிமிஷம் குடுங்க.”

“இருக்கேன். வைக்காதீங்க.”

தொலைபேசியை அணைக்காமல், அவர் குரல் வெளியேயும் இங்கே பேசுவது அவருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டு, மேஜைமேல் நிமிர்த்தி வைத்தாள். பிசியோதெரபிஸ்ட் எழுந்து, ஷூ பெட்டியை மாமனாரின் கால்மாட்டில் மரியாதையோடு வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஐயா கையில கட்டிக்கச் சொல்லி நான் பார்சல்ல அனுப்பின வாட்ச், அவர் நடக்கிற நடையைத் தினமும் என் போனுக்கு அனுப்பிட்டே இருக்கு மேடம், ஒரு நாள் பதினஞ்சாயிரம், ஒரு நாள் இருபத்தோராயிரம், கணுக்கால் உடைஞ்சவர் இப்படி நடந்து என் சர்வீஸ்லயே நான் பார்த்ததில்ல, அதான் ஞாயித்துக்கிழமை பத்து கிலோமீட்டர் நடைப்போட்டிக்கு ஐயா பேரை நானே குடுத்துட்டேன்.”